தொட்டில் வண்டிக்கு பிரேக் பேட்

பிரேக் பேட் கேட்டு என் கடைக்கு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்காமல் நான் சரக்கை எடுத்துக் கொடுப்பதில்லை. என்ன சுமை, எந்த ரோடு, யார் கால். சிலருக்கு எரிச்சல் வரும். "ஒரு பேட் கேட்டா பூர்வீகத்தையே விசாரிக்கிறீங்களே" என்பார்கள். விசாரிக்கத்தான் வேண்டும். மணல் ஏற்றுகிற வண்டிக்கும் பஞ்சு ஏற்றுகிற வண்டிக்கும் ஒரே பேட் ஒத்துவராது. ஏற்ற இறக்கத்தில் ஓடுகிற வண்டிக்கு ஒன்று, சமதளத்தில் ஓடுகிற வண்டிக்கு இன்னொன்று. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறவர்கள்கூட மூன்றாவது கேள்விக்குச் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும். அண்ணன் ஓட்டினால் ஒரு வருஷம் வருகிற பேட், அதே வண்டியைத் தம்பி ஓட்டினால் பாதி வருஷத்தில் தேய்ந்துபோவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் என் கடை, பின்பக்கம் என் வீட்டுக்காரரின் பட்டறை. நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். நான் விற்கிற பேட்டை அந்த ஜன்னல் வழியாக நீட்டினால் அவர் வாங்கி வண்டியில் மாட்டுவார். அவர் அதிகம் பேசமாட்டார். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அவர் பங்குக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன்.

என் மூன்றாவது கேள்விக்காகவே கடைக்கு வருகிறாரோ என்று நினைக்கும்படி ஒருவர் இருந்தார். தொட்டில் அண்ணன். பிக்கப் வண்டியில் கண்ணாடி ஏற்றுகிறவர். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முடிதிருத்தும் கடைகளுக்கு ஆளுயரக் கண்ணாடி. வண்டியின் பின்னால் கூடாரம் போலச் சாய்ந்த மரச்சட்டம் ஒன்று நிற்கும். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து, இடையிடையே பழைய போர்வைகளைச் செருகிக் கயிற்றால் இறுக்கியிருப்பார். சிக்னலில் அவர் வண்டி நின்றால் பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்காரர்கள் தலை வாரிக்கொள்வார்கள். பச்சை விழுந்த பிறகும் நகராமல் மீசையைத் திருத்திக்கொண்டு நின்ற ஒரு மகானுபாவனை நானே பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் ஒரு கண்ணாடிக் கடைக்குச் சுமை தூக்க வந்தவர் அவர். முதலாளியின் வண்டியைக் கழுவுவதில் ஆரம்பித்து, அதை ஓட்டப் பழகி, முதலாளி புது வண்டி எடுத்தபோது பழையதைத் தனதாக்கிக்கொண்டார். பழகிய விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கட்டாமல் சட்டத்தில் அடுக்கிக்கொண்டு ஓட்டுவாராம். பிரேக் பிடிக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலக்கும். அந்தச் சத்தம் வராமல் வண்டியை நிறுத்த வரும்வரை முழுக் கண்ணாடியைத் தொடவில்லையாம்.

தொட்டில் என்ற பெயர் ஒரு கைக்குழந்தையால் வந்தது. அவர் தெருவில் ஒரு பெண், காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் நின்றாள். இவர் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் வீறிட்டு அழுத குழந்தை வண்டி கிளம்பியதும் தூங்கிவிட்டது. குண்டும் குழியுமான ரோடு முழுக்கத் தூங்கி, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் மறுபடி அழ ஆரம்பித்ததாம். அன்றைக்கு ஒட்டிய பெயர். சொந்தப் பெயர் அண்ணிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேலி செய்வேன்.

"யார் கால்?" என்று நான் கேட்டதும் வலது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார்.

"இந்தக் கால் தங்கச்சி. இதுக்குள்ள தனியா ஒரு மூளை இருக்கு. மேல இருக்கறது கொஞ்சம் மந்தம். இது படு சூட்டிகை."

"மேல இருக்கறதப் பத்தி நீங்க சொன்னத நான் மறுக்கலண்ணே" என்பேன்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லிவிட வேண்டும். பேட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேட் தேய்ந்து முடிகிற சமயத்தில் அந்தத் தகடு சக்கரத்தின் டிஸ்கில் உரசிக் கீச்சிடும். போதும், மாற்று என்று அது போடுகிற கூச்சல். எங்கள் கடையில் அதற்கு நாக்கு என்று பெயர். தொட்டில் அண்ணனுக்கு அந்த நாக்கைக் கண்டாலே ஆகாது. மாட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதைக் குறடால் ஒடித்துவிட வேண்டும்.

"இது கத்தித்தான் எனக்குத் தெரியணுமா? ஒரு வாரம் முன்னாடியே என் காலு சொல்லிடும்" என்பார்.

வீண் ஜம்பம் என்று சொல்ல முடியாது. "காலு சொல்லிடுச்சு" என்று வந்து நிற்பார். கழற்றிப் பார்த்தால் பேட் முடிகிற நிலையில்தான் இருக்கும். அதனால் நாங்களும் ஒடித்தே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் அது தடம் மாறியது. வழக்கமாக வாங்குகிற மிருதுவான பேட்டை வாங்கிப் போனவர், இன்னும் தேயக் காலமே ஆகவில்லை, திரும்பி வந்தார். கழற்றினால் பேட் வழித்துவிட்டதுபோல் இருந்தது.

"காலு சொல்லிச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல, பாப்பாதான் கருகல் வாசனை வருதுன்னா" என்றார்.

பாப்பா என்றால் அவருடைய மகள். முப்பது வயதாகிறது, அவர் வாயில் இன்னும் பாப்பாதான். கண்ணாடி தூக்க இரண்டு பேர் வேண்டும், ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகள். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஒரே மூச்சில் தூக்கி ஒரே மூச்சில் இறக்குவார்கள். அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காகிவிட்டது. பட்டறைக்குள் வண்டியை நகர்த்தி நிறுத்தக்கூட அவர் விட்டதில்லை. "கண்ணாடிய நீ பிடி, ஸ்டியரிங்க நான் பிடிக்கிறேன்" என்று முடித்துவிடுவார். அவளும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

சுமை கூடியிருக்கும் என்று நினைத்து, அந்த முறை இரும்புத்தூள் கலந்த கடினமான பேட்டைக் கொடுத்தேன். சூடு தாங்கும், சீக்கிரம் தேயாது. என் வீட்டுக்காரரும் பேட்டை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் எங்காவது சிக்குகிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பழுதில்லை என்றார்.

கொஞ்ச நாளில் அதுவும் திரும்பி வந்தது. ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் நீட்டிய பேட்டின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. அடிக்கடி வெந்த பேட் அப்படித்தான் ஆகும். தொட்டில் அண்ணன் அதை என் மேசையில் வைத்தார்.

"டூப்ளிகேட் விக்க ஆரம்பிச்சிட்டியா தங்கச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு திருகாணிகூடப் போலியாக விற்காதவள் நான். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ரெண்டு விதமான பேட்டும் தேயுதுன்னா கோளாறு பேட்டுலயா இருக்கும்?"

அவர் முகம் சுண்டிவிட்டது. ஓட்டத் தெரியாது என்று அவரை அதுவரை யாரும் சொன்னதில்லை.

"பழசையே மாட்டிக் குடுக்கச் சொல்லு. நான் வேற கடைய பாத்துக்கறேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லப் பார்த்து, சொல்லாமல், பழையதையே மாட்டினார். அண்ணன் கடையை விட்டு இறங்கி, பட்டறை வாசலில் நின்ற வண்டியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

அப்போதுதான் என் மேசைக்கு முன்னால் ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்த்தேன். வலது கால் செருப்பு.

கோபத்தில் விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தேன். கடைக்கும் பட்டறைக்கும் நடுவே சாக்கடையை மூடிய இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது. மத்தியான வெயிலில் அது அடுப்பில் வைத்த கல்போலக் காயும், தெருநாய்கூடத் தாண்டித்தான் போகும். தொட்டில் அண்ணன் அதன்மேல் நின்று சட்டைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். வலது கால் வெறுங்கால். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"அண்ணே, செருப்பு."

குனிந்து காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "வாரு லூஸாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார். வண்டி கிளம்பியது. அதன் பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. தெருவில் முன்னால் ஒரு வண்டியும் இல்லை, அவர் நிற்கவும் இல்லை. தெருமுனை திரும்பும்வரை அந்த விளக்கு அணையவே இல்லை.

உடனே உள்ளே ஓடினேன். ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நானும் அதத்தான் நெனச்சேன். அது மிதிச்சுத் தேஞ்ச பேட் இல்ல. ஒரசி ஒரசியே தேஞ்சது."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற பாதத்தின் ஓரம் பக்கத்து பிரேக்கின் மேலும் சும்மா கிடந்தால் பேட் என்ன செய்யும்? மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அந்தக் காலுக்குத் தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை. தேய்மானத்தைவிட எனக்குப் பயம் இறக்கத்தைப் பற்றித்தான். கண்ணாடிக் கிடங்கிலிருந்து கடைவீதிக்கு வருகிற ரோடு நீளமான இறக்கம். அடியில் பஸ் நிறுத்தம், எந்நேரமும் ஜனம். உரசி உரசிச் சூடேறிய பிரேக் அந்த இறக்கத்தில் ஒருநாள் கைவிட்டுவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பின்னால் வண்டி நிறையக் கண்ணாடி. பக்கத்து சீட்டில் அந்தப் பெண்.

அவளுக்குப் போன் செய்தேன். செருப்பையும் விளக்கையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள்.

"எது தெரியும்?"

"போன மாசம் அவர் பாதத்துல கண்ணாடித் துண்டு ஏறியிருந்துச்சு. ரெண்டு நாளா அதோட நடந்துட்டு இருந்தார், அவருக்குத் தெரியல. தூங்கறப்ப நான்தான் எடுத்தேன். எடுக்கறதும் தெரியல."

"அம்மாகிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா வண்டிய விட்டுடுங்கன்னு சொல்லணும். வண்டிய விட்டா அப்பா என்ன பண்ணுவார் அத்தை?"

"விடலன்னா நீ என்ன ஆவ? அந்த பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க என்ன ஆவாங்க?"

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "நாளைக்குக் காலைல கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் வண்டி எடுக்காம பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் என் வாழ்நாளில் மன்னிப்புக் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். தொட்டில் அண்ணனும் பெருந்தன்மையாக, "விடு தங்கச்சி, அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவைத்தார். சக்கரம் அந்தரத்தில் நின்றது. அண்ணனை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டார்.

"நான் சொல்லும்போது மிதிங்க, சொல்லும்போது விடுங்கண்ணே. எங்க பிடிக்குதுன்னு பாத்துடலாம்."

"அப்படிச் சொல்லு. கோளாறு வண்டியிலதான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று என்னைப் பார்த்தார்.

ஜன்னலை விட்டுவிட்டு நானும் பட்டறைக்கே வந்திருந்தேன். மகள் திறந்த கதவருகே நின்றாள்.

என் வீட்டுக்காரர் கையால் சக்கரத்தைச் சுற்றினார். "மிதிங்க." சக்கரம் நின்றது. "விடுங்க." மறுபடி சுற்றப் பார்த்தார், சக்கரம் நகரவில்லை.

"விடுங்கண்ணே."

"விட்டுட்டேன்."

அவர் இரண்டு கையாலும் டயரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. "இன்னும் பிடிச்சிருக்குண்ணே."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல. அதான் கோளாறே. விட்டாலும் பிடிக்குது. இதத்தான் ரெண்டு மாசமா கரடியா கத்தறேன்." அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. கடைசியில் குற்றம் வண்டியின் மேல்தான் என்று நிரூபித்துவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் அப்படியே படுத்திருந்தது. நான் பார்த்தேன், மகளும் பார்த்தாள்.

அவள் குனிந்தாள். இரண்டு கையாலும் அப்பாவின் பாதத்தைப் பிடித்து, கண்ணாடியைத் தூக்குவதுபோல் மெதுவாகத் தூக்கி, பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. "ஆங், இப்ப விட்டுடுச்சு பாருங்க" என்று சொல்லிச் சிரித்தபடி குனிந்தவர், தன் காலின்மேல் மகளின் கைகள் இருப்பதைப் பார்த்தார்.

அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் அழுந்திய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

"எப்ப பிடிச்ச பாப்பா?"

"இப்பதான்பா" என்றாள்.

அது பொய் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி சுமந்தவர், தன் கால் போனதை மகளின் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதை அவர் பார்க்கக்கூடாது என்று கடைப்பக்கம் போய், அடுக்கியிருந்த டப்பாக்களைத் திரும்ப அடுக்கினேன்.

என் வீட்டுக்காரர் என்ஜினை அணைத்தார். "யானைக்கும் அடி சறுக்கும்ணே" என்று ஏதோ சொன்னார். அவர் பேசுவதே அபூர்வம், அதையும் இந்த நேரத்திலா பேச வேண்டும். தொட்டில் அண்ணன் இறங்கும்போது முதல்முறையாகக் காலை வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, மகளின் தோளைக்கூடப் பிடிக்காமல், தெருவோரமாக நடந்து போனார். அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாள்.

வண்டி ஜாக்கியில் நின்றபடி எங்கள் பட்டறையிலேயே கிடந்தது. டாக்டர் அவர் உள்ளங்காலில் ஊசி முனையால் குத்திக் குத்திக் கேட்டதாகவும், எங்கே குத்தினாலும் "ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றே சொன்னதாகவும் மகள் போனில் சொன்னாள். இனி பெரிதாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர். அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், முடித்ததும் எழுந்து போகிறார், யாரையும் திட்டக்கூட இல்லை என்று அண்ணி என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவர் திட்டாமல் இருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? கண்ணாடிக் கடையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டுமா என்று. மகள் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓட்டுகிறேன் என்று அவளாகச் சொல்லிவிட்டால் அப்பாவை இறக்கிவிட்ட மாதிரி ஆகும் என்று அவளுக்குத் தயக்கம். அவர் வாயால் வர வேண்டும்.

ஒரு காலை நேரம், கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. மகள் ஓட்ட, தொட்டில் அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை, கணுக்காலைச் சுற்றி வாரால் இறுக்கிக் கட்டுகிற புது ஜோடு. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார்.

"பேட் எடு தங்கச்சி" என்றார்.

நான் கைக்கெட்டிய மூன்று விதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நானா பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் பேட்டைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"கேக்க மாட்டியா? கேக்காம சரக்குக் குடுக்க மாட்டியே நீ."

கேட்காவிட்டால் விடமாட்டார் போலிருந்தது.

"என்ன சுமை?"

"கண்ணாடி."

"எந்த ரோடு?"

"அதே எறக்கம்தான்."

மேசையில் இருந்த பேட்டுகளை ஒருமுறை நேராக அடுக்கினேன். மேசையின் அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டு நின்றார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யார் கால்ணே?"

"பாப்பா கால்" என்றார்.

வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டு உடனே குனிந்து பேட்டுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தனக்கு வாங்கும்போது ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போகிற மனிதர், அன்றைக்குக் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொன்றையும் சுரண்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், என்னைக் குடைந்தெடுத்தார்.

"இந்தக் கடினமானது வேண்டாம். முதல்ல பிடிக்காது. பிடிக்கலன்னு பயந்து ஓங்கி மிதிப்பா, கண்ணாடி அத்தனையும் முன்னாடி வந்துடும்."

"அப்ப உங்க பழைய மிருதுவானது?"

"நல்லாதான் பிடிக்கும். பழகற வரைக்கும் எறக்கத்துல அடிக்கடி மிதிப்பா. சூடு தாங்காது. இது என்ன, செராமிக்கா?"

"ஆமா, பீங்கான் கலவை. சத்தமே வராது."

"சத்தம் வரட்டும். கேட்டுப் பழகட்டும். கடினத்துக்கும் மிருதுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சிருப்பியே, அத எடு."

அதை மேலடுக்கில் வைத்திருந்தேன். ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தேன். அதையும் சுரண்டிப் பார்த்து, தராசில் நிறுப்பதுபோல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் ஜன்னல் வழியாக அவரே பட்டறைக்குள் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வாங்கினார். பழக்கதோஷம், நாக்கை ஒடிக்கக் குறடை எடுத்துவிட்டார். நான் கண் ஜாடை காட்டுவதற்குள் அண்ணன் ஜன்னலுக்குள் கையை விட்டுக் குறடைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். அவ காலு இன்னும் பேசக் கத்துக்கல. அதுவரைக்கும் இது பேசட்டும்."

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். அவர் பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாக, தன் வண்டிக்கு பேட் மாட்டப்படுவதைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கண்ணாடி தூக்கும்போதும் அப்படித்தானே.

கிளம்பும்போது அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறினார். ஏறுவதற்கு முன் அந்த சீட்டை ஒரு தரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மகள் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் புடைத்திருந்தன. "கண்ணாடிய நீ பிடி, ஸ்டியரிங்க நான் பிடிக்கிறேன்னு சொல்லேன் பாப்பா" என்று நான் கிண்டல் செய்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது.

"தங்கச்சி, பின்னாடி லைட்ட மட்டும் பாத்துக்க" என்றார்.

நான் தெருவில் இறங்கி நின்றேன். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பி மெதுவாகப் போனது. வேகத்தடை மேட்டைத் தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, தாண்டியதும் அணைந்தது. பக்கத்து ஜன்னலிலிருந்து தொட்டில் அண்ணன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்து, எரிகிறதா என்று கையால் கேட்டார். இல்லை என்று நான் கையை ஆட்டினேன். நம்பாதவர்போல் இன்னொரு தரம் கேட்டார். நானும் இன்னொரு தரம் ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.